விட்டுப் பிடிக்கும் ஆட்டம்: வெள்ளைக் காயில் ஹைப்பர்மாடர்ன் ஓப்பனிங் பழகுவோருக்கு

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் செஸ் வகுப்புகளிலும் குறுவட்டப் போட்டி நடக்கும் பள்ளி மண்டபங்களிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "வெள்ளைக்கு இந்த எட்டு மூவ் போதும் கண்ணு. எதிராளி எதை வெச்சாலும் நீ இதையே வை." குதிரை எஃப்3, ஜி3, பிஷப் ஜி2, கேஸ்லிங், டி3, குதிரை டி2, இ4, யானை இ1. கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம், தோற்காது, இதுதான் ஹைப்பர்மாடர்ன் (நடுவில் உடனே சிப்பாயை நிறுத்தாமல் தூரத்திலிருந்து குறிவைக்கும் ஆட்டமுறை) என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இன்னொரு கட்சியும் இருக்கிறது. "நடுவை எதிராளிக்குத் தூக்கிக் கொடுக்கிற ஆட்டம் அது, பிள்ளைகளுக்கு ஆகாது" என்பார்கள் அவர்கள். இரண்டு கட்சியும் எதிரெதிராகப் பேசுவதுபோல் இருந்தாலும் தவறு ஒன்றேதான். வெள்ளைக்கு நடுப்பலகை வேண்டாம் என்று இரு தரப்பும் நினைத்துக்கொள்கிறது. வெள்ளைக்கு நடு வேண்டும். மற்ற ஓப்பனிங்கில் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவும் வேண்டும். எப்போது, எதைக் கொண்டு பிடிப்பது என்பதில்தான் இந்த ஆட்டம் வேறுபடுகிறது.

கட்டங்களைக் குறிக்கும் முறையை ஒருமுறை சொல்லிவிடுவோம். வெள்ளைக்கு இடமிருந்து வலமாக எட்டு நெடுவரிசைகளுக்கும் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று பெயர். கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண். காயின் பெயர் சொல்லாமல் வெறுமே "சி4" என்று இருந்தால் சிப்பாய் அங்கே போகிறது என்று பொருள். முன்னால் வரும் எண் எத்தனையாவது மூவ் என்பதைக் காட்டும், எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கறுப்பின் மூவ். நடுப்பலகை என்பது டி4, இ4, டி5, இ5 ஆகிய நாலு கட்டம்.

சந்தைக்குள் ஒருவன், தடத்தில் ஒருவன்

புஞ்சைப் புளியம்பட்டி வாரச் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வியாபாரி விடியும் முன்பே வந்து சந்தை நடுவில் கடை பரப்பிவிடுகிறான். எல்லார் கண்ணும் அவன் மேல்தான். இன்னொருவன் உள்ளே போகவே இல்லை. சத்தியமங்கலம் தடத்தில் ஓர் ஆளையும் கோவைத் தடத்தில் ஓர் ஆளையும் நிறுத்திவிட்டு, வருகிற சரக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நடுவில் இருப்பவன் பரப்பிய சரக்கை விட்டுவிட்டு எழுந்து போக முடியாது, நாலு பக்கமும் காவல் காக்க வேண்டும். தடத்தில் நிற்பவனுக்குக் கை காலியாக இருக்கிறது, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பலாம்.

ஆனால் தடத்தில் நிற்பவன் மத்தியானம் வரைக்கும் வேடிக்கை மட்டும் பார்த்தால் சந்தை கலைந்துவிடும். நடுவில் இருந்தவன் விற்றுத் தீர்த்துப் பணத்தோடு போவான், இவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். அந்த எட்டு மூவை மனப்பாடம் செய்த பிள்ளைகள் பலரும் தோற்பது இந்த இரண்டாம் பாதியில்தான். தடத்தைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் சரக்கை எப்போது மடக்குவது என்று சொல்லித் தரவில்லை.

நடுவுக்கு ஏன் இத்தனை அடிதடி

காலிப் பலகையில் எண்ணிப் பாருங்கள். மூலைக் கட்டமான ஏ1ல் குதிரை நின்றால் இரண்டே கட்டத்துக்குத் தாவலாம். ஓரத்தில் ஏ4ல் நின்றால் நாலு. நடுவில் டி4ல் நின்றால் எட்டு. பிஷப்புக்கு மூலையில் 7 கட்டம், நடுவில் 13. நடுவைப் பிடித்தவனின் காய்கள் பலகையின் இரண்டு பக்கத்துக்கும் சீக்கிரம் போய்ச் சேரும். எதிராளியின் காய்கள் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

அதனால் பழைய ஆசிரியர்கள் இ4, டி4 என்று இரண்டு சிப்பாயையும் முதலிலேயே நடுவில் நிறுத்தச் சொன்னார்கள். ஜெர்மனியின் டாராஷ் அந்தப் பாடத்தின் பெரிய வாத்தியார். முதல் உலகப் போருக்குப் பின் ரெட்டி, நிம்சோவிட்ச், பிரேயர், டார்டகோவர், குரூன்ஃபெல்டு போன்ற இளைஞர்கள் அதைக் கேள்வி கேட்டார்கள். நடு முக்கியம் என்பதை அவர்களில் யாரும் மறுக்கவில்லை. நடுவில் சிப்பாயை முதலிலேயே நிறுத்தித்தான் ஆக வேண்டுமா என்று மட்டும் கேட்டார்கள்.

அவர்கள் கேள்விக்கு அடிப்படை சிப்பாயின் குணம். எல்லாக் காயும் பின்னால் வரும், சிப்பாய் மட்டும் வராது. டி5ல் நிற்கும் கறுப்புச் சிப்பாயைப் பக்கவாட்டிலிருந்து சீண்டினால் கறுப்புக்கு மூன்றே வழி. அதைக் காத்துக்கொண்டு அங்கேயே நிற்கலாம். முன்னால் தள்ளலாம். சீண்டிய சிப்பாயை வெட்டலாம். நின்றால் அதைக் காக்க இரண்டு மூன்று காய் கட்டுப்பட்டுவிடும். தள்ளினால் அது விட்டுப்போன பக்கத்துக் கட்டங்கள் காவலற்றுப் போகும். வெட்டினால் நடுவிலிருந்து ஒரு சிப்பாய் ஓரத்துக்குப் போய்விடும். மூன்றில் எதைச் செய்தாலும் வெள்ளைக்கு வேலை செய்ய ஒரு பிடி கிடைக்கும். ஹைப்பர்மாடர்ன் ஓப்பனிங்கின் இயந்திரம் மொத்தமும் இதுதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நடு வேண்டும். அதைத் தூரத்திலிருந்து காய்களால் குறிவைத்து, எதிராளியின் சிப்பாயை அங்கே வரவிட்டு, பக்கத்திலிருந்து சீண்டி, அது நிலைகுலையும்போது நாம் நடுவுக்குள் போக வேண்டும்.

முதல் இரண்டு மூவ்

வெள்ளையில் பழக ரெட்டி ஓப்பனிங்கே நல்ல தொடக்கம். முதல் மூவ் குதிரை எஃப்3. இந்தக் குதிரை இ5ஐயும் டி4ஐயும் பார்க்கிறது. கறுப்பு உடனே இ5 தள்ளினால் குதிரை அதைச் சும்மா எடுத்துக்கொள்ளும். பி3 அல்லது ஜி3 என்று தொடங்கினால் இந்தத் தடை இல்லை, கறுப்பு முதல் மூவிலேயே இ5 வைத்து நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் குதிரையில் தொடங்க வேண்டியதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

கறுப்பு டி5 என்கிறது. வெள்ளையின் இரண்டாவது மூவ் சி4. சீண்டல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. அந்த எட்டு மூவ் பட்டியலில் சி4 இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பட்டியலும் நல்ல ஆட்டம்தான், கிங்ஸ் இந்தியன் அட்டாக் என்று பெயர், ஃபிஷரே ஆடியிருக்கிறார். அதில் அடி, அதாவது நடுவுக்குள் சிப்பாயைத் தள்ளுவது, இ4 வழியாக வருகிறது. பட்டியலை ஒப்பிப்பவர்கள் இ4ஐ வைத்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றுவிடுவதுதான் சிக்கல்.

இனி கறுப்பின் பதிலைப் பார்த்துத்தான் மூன்றாவது மூவ்.

வெட்டினால்

2. சி4க்குக் கறுப்பு டி சிப்பாயால் சி4ஐ வெட்டினால் பதற வேண்டாம். 3. இ3 வையுங்கள், பிஷப் எஃப்1லிருந்து சி4ஐப் பார்க்கும், அடுத்த மூவில் எடுத்துக்கொள்ளும். கறுப்பு அந்தச் சிப்பாயை விடமாட்டேன் என்று 3... பி5 தள்ளினால் 4. ஏ4. இப்போது 4... ஏ6 என்று தாங்கினால் 5. ஏ சிப்பாயால் பி5ஐ வெட்டலாம். கறுப்பின் ஏ6 சிப்பாய் திருப்பி வெட்டினால் பின்னால் ஏ8ல் உள்ள யானை நம் ஏ1 யானைக்கு இரை. 4... சி6 என்று தாங்கினால் 5. பி5ல் வெட்டி, கறுப்பு சி சிப்பாயால் திருப்பி வெட்டியதும் 6. பி3. கறுப்பு பி3ல் வெட்டினால் 7. பிஷப் பி5ஐ எடுத்துச் செக், அப்புறம் ராணி பி3ஐ எடுக்கும். சிப்பாய் கணக்கு சமம். ஆனால் வெள்ளையிடம் டி, இ இரண்டும் நடுவுக்கு நேராக நிற்கின்றன, கறுப்பின் ஏ7 சிப்பாய் தனியாக நிற்கிறது.

இந்த வழியில் வெள்ளையின் பிஷப் ஜி2க்குப் போகவே இல்லை, சி4க்குப் போய்விட்டது. "எப்போதும் ஜி3, பிஷப் ஜி2" என்று கையைப் பழக்கியவர்கள் இங்கேதான் ஒரு சிப்பாயைக் கோட்டைவிடுவார்கள்.

தள்ளினால்

2... டி4 என்று கறுப்பு முன்னேறினால் அந்தச் சிப்பாய் வெள்ளையின் எல்லைக்குள் வந்து நிற்கிறது. இடம் கொஞ்சம் நெருக்கும். ஆனால் அது இருந்த டி5 காலியாகிவிட்டது, டி4லோ குதிரை ஏற்கெனவே குறிவைத்திருக்கிறது. 3. இ3 என்று அடிவாரத்தில் தட்டுங்கள். 3... குதிரை சி6 என்றால் 4. இ சிப்பாய் டி4ஐ வெட்டும், குதிரை வெட்டும், 5. நம் குதிரை அதை வெட்டும், கறுப்பு ராணி திருப்பி வெட்டும். இப்போது 6. குதிரை சி3. அடுத்து டி3, பிஷப் இ3 என்று வரும்போது டி4ல் நிற்கும் ராணி ஓட வேண்டும். ராணியை விரட்டிக்கொண்டே ஒரு காயை வெளியே எடுத்தால் அந்த மூவ் இலவசம்.

3... டி சிப்பாய் இ3ஐ வெட்டினால் எஃப் சிப்பாயால் திருப்பி வெட்டுங்கள், டி சிப்பாயால் வேண்டாம். எஃப் சிப்பாய் நடுவை நோக்கி வந்துவிட்டது, அடுத்து டி4 வைத்தால் நடு வெள்ளைக்கு.

3... சி5 என்று கறுப்பு தாங்கினால் 4. டி4ல் வெட்டி, சி சிப்பாய் திருப்பி வெட்டியதும் ஜி3, பிஷப் ஜி2, கேஸ்லிங், டி3 என்று போகலாம். இந்த அமைப்பில் பி3, பிஷப் பி2 என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். டி4ல் கறுப்புச் சிப்பாய் ஆணியடித்தாற்போல் நிற்கிறது. பி2 பிஷப் அந்தச் சிப்பாயையே பார்த்துக்கொண்டு ஆட்டம் முழுக்க உட்கார்ந்திருக்கும்.

இந்த 2... டி4 நிலைக்கு இன்னொரு பதிலும் உண்டு: 3. பி4. கறுப்பின் சி5க்கு முன்கூட்டியே குறுக்கே நிற்கும் மூவ். 2024ல் சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் 11வது ஆட்டத்தில் குகேஷ் வைத்தது இதைத்தான். ஐந்துக்கு ஐந்து என்று சமமாக இருந்த நிலையில், டிங் லிரனை 29 மூவில் வென்று ஒரு புள்ளி முந்தினார். 28வது மூவில் டிங் செய்த பிழைதான் ஆட்டத்தை முடித்தது. ரெட்டி ஓப்பனிங் பழசாகிப்போன சரக்கு என்பவர்களுக்கு அந்த ஆட்டத்தைக் காட்டலாம். ஆனாலும் புதிதாகப் பழகுகிறவர் 3. இ3லேயே இருப்பது நல்லது. பி4 சிப்பாயை எப்போது காப்பது, எப்போது விட்டுக்கொடுப்பது என்பது தனிப் பாடம்.

நின்றால்

அதிகம் வருவது இதுதான். கறுப்பு இ6 அல்லது சி6 வைத்து டி5ஐத் தாங்கும். இரண்டுக்கும் பதில் ஒன்று என்று நினைத்தால் தப்பு.

2... இ6 என்றால்: 3. ஜி3 குதிரை எஃப்6, 4. பிஷப் ஜி2 பிஷப் இ7, 5. இரு தரப்பும் கேஸ்லிங், 6. பி3 சி5, 7. பிஷப் பி2 குதிரை சி6, 8. இ3. இப்படி பிஷப்பை ஜி2 அல்லது பி2ல் வைத்து நீண்ட மூலைவிட்டத்தைப் பிடிப்பதை ஃபியான்செட்டோ என்பார்கள். நடுவே கறுப்பு எப்போதாவது சி4ஐ வெட்டினால், பி3 வைப்பதற்கு முன்பு என்றால் ராணி ஏ4 செக், பிறகு ராணியால் சி4ஐ எடுத்துக்கொள்ளலாம்.

2... சி6 என்றால் அந்தச் செக் கிடையாது. ஏ4க்கும் கறுப்பு ராஜா இருக்கும் இ8க்கும் நடுவே சி6 சிப்பாய் சுவராக நிற்கிறது. அதனால் இங்கே முதலில் 3. பி3. கறுப்பு சி4ஐ வெட்டினால் பி சிப்பாயால் திருப்பி வெட்டலாம். ஜி3, பிஷப் ஜி2 எல்லாம் அதற்கப்புறம். வரிசையை மாற்றி 3. ஜி3 என்று போனால் கறுப்பு குதிரையை எஃப்6க்கு எடுத்துவிட்டுப் பிறகு சி4ஐ எடுத்து பி5ஆல் தாங்கிக்கொள்ளும். பெரிய ஆட்டக்காரர்கள் அதை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து ஆடுவதும் உண்டு. தொடக்கத்தில் அது நமக்கு வேண்டாம்.

நாலு கட்டத்தையும் எண்ணிப் பாருங்கள்

மேலே சொன்ன 7. பிஷப் பி2 வரை வெள்ளைக் காய்களை மட்டும் பலகையில் அடுக்கி, நடுவின் ஒவ்வொரு கட்டத்தையும் எத்தனை காய் பார்க்கிறது என்று எண்ணுங்கள். டி4: குதிரை, பி2 பிஷப், ஆக இரண்டு. இ5: அதே இரண்டு. டி5: சி4 சிப்பாய் மட்டும், ஒன்று. இ4: ஒன்றுமே இல்லை.

ஜி2 பிஷப் எங்கே போயிற்று? அதன் முன்னால் எஃப்3ல் நம் குதிரையே நின்று மறைக்கிறது. பல பேர் பல வருடம் ஆடியும் கவனிக்காத இடம் இது. பிஷப் மூலைவிட்டத்தில் இருப்பதாலேயே டி5ஐ அடிக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். குதிரை இ5க்குத் தாவினால்தான் அது கண்ணைத் திறக்கும். அதுவரை இ4 ஓட்டையாகத்தான் கிடக்கும், கறுப்புக் குதிரை அங்கே வந்து குந்திக்கொள்ளப் பார்க்கும். டி3 அல்லது குதிரை சி3 வைத்தால் அந்த ஓட்டை அடைபடும். டி3 வைத்தால் டி4 அடி தாமதமாகும், சி3ல் குதிரை வைத்தால் பி2 பிஷப்பின் பார்வை மறையும். எதையாவது கொடுத்துத்தான் எதையாவது வாங்க முடியும்.

எப்போது அடிப்பது

கேஸ்லிங் முடிந்திருக்க வேண்டும். அடிக்கும் சிப்பாய்க்குப் பின்னால் குறைந்தது இரண்டு காய் துணை இருக்க வேண்டும். கறுப்பு அதை வெட்டினால் நாம் எதனால் திருப்பி வெட்டுவோம் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். இவை மூன்றும் கூடிவந்தால் அடுத்த மூவிலேயே அடித்துவிடுங்கள். பொதுவாக எட்டாவது மூவிலிருந்து பத்தாவது மூவுக்குள் டி4 அல்லது இ4 வந்துவிட வேண்டும். பன்னிரண்டு மூவ் ஆகியும் நாலாவது கிடைவரிசையில் சி4 தவிர ஒரு சிப்பாயும் இல்லை என்றால் ஆட்டம் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

கறுப்புக்கு டி5, இ5 இரண்டும் கிடைத்துவிட்ட நிலையில் மட்டும் முதலில் டி3. இல்லாவிட்டால் கறுப்பு இ4 என்று தள்ளி எஃப்3 குதிரையை விரட்டிவிடும்.

கறுப்பே நடுவுக்கு வராமல் குதிரை எஃப்6, ஜி6, பிஷப் ஜி7 என்று நம்மைப் போலவே ஓரத்தில் நின்றால்? அப்போது தடத்தில் நிற்க ஒரு காரணமும் இல்லை. குதிரை சி3, இ4, டி4 என்று நடுவை நேராக எடுத்துக்கொள்ளுங்கள். ஹைப்பர்மாடர்ன் ஆடுகிறோம் என்ற கொள்கைக்காக, சும்மா கிடக்கும் நடுவைத் தொடாமல் விடுவது வீம்பு. முதல் மூவுக்கே கறுப்பு எஃப்5 என்றால் டி3, அடுத்து இ4. சி5 என்றால் சி4 வைத்து ஒத்த அமைப்பில் ஆடலாம்.

பார்க்க வேண்டிய ஓர் ஆட்டம்

1924 நியூயார்க் போட்டியில் ரெட்டி, அப்போதைய உலகச் சாம்பியன் காப்பாபிளாங்காவை 31 மூவில் தோற்கடித்தார். காப்பாபிளாங்காவுக்கு எட்டு வருடத்தில் அதுதான் முதல் தோல்வி. ஆனால் பழகுவதற்கு அதைவிட நல்லது, அதே போட்டியில் ரெட்டி போகோல்யூபோவை வென்ற ஆட்டம். அழகான ஆட்டத்துக்கான முதல் பரிசு அதற்குத்தான்.

முதல் ஏழு மூவில் வெள்ளை நடுவில் சிப்பாயே வைக்கவில்லை: குதிரை எஃப்3, சி4, ஜி3, பிஷப் ஜி2, கேஸ்லிங், பி3, பிஷப் பி2. எட்டாவது மூவ் டி4. அங்கே முதல் அடி. கறுப்புக் குதிரை இ4 ஓட்டைக்கு வந்தது, வெள்ளை அதை வெட்டியது, இ4ல் கறுப்புச் சிப்பாய் ஒன்று வந்து நின்றது. 11. குதிரை இ5 என்று குதிரை விலகியதும் ஜி2 பிஷப்புக்கு வழி திறந்தது. 12. எஃப்3 என்று அந்தச் சிப்பாயைச் சீண்டினார், கறுப்பு வெட்டியது, பிஷப்பால் திருப்பி வெட்டினார். 15. இ4, இரண்டாவது அடி. அதற்குமேல் கறுப்பால் நடுவைக் கட்டிக்காக்க முடியவில்லை.

ஜி2ல் சாதுவாக உட்கார்ந்திருந்த அந்த பிஷப் பின்பு எஃப்3, எச்5, எஃப்7 செக் என்று போய், 25வது மூவில் இ8ல் நுழைந்தது. டி8 யானை எஃப்8 பிஷப்பைக் காத்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே வெள்ளை பிஷப் வந்து குறுக்கே நின்றதும் காவல் அறுந்தது. போகோல்யூபோவ் அத்தோடு ஒப்புக்கொண்டார். இந்த ஆட்டத்தை 8, 11, 12, 15 ஆகிய நாலு மூவிலும் நிறுத்தி, "இதை ஒரு மூவ் தள்ளிப்போட்டிருந்தால் கறுப்பு என்ன செய்திருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். மனப்பாடம் தேவைப்படாது.

ரெட்டி எப்போதும் வென்றார் என்று நினைக்க வேண்டாம். அதே போட்டியில் முன்னாள் உலகச் சாம்பியன் லாஸ்கரிடம், ராணியையே ஏ1 மூலையில் நிறுத்தி பி2 பிஷப்புக்குப் பின்னால் அழுத்தம் கொடுக்கும் துணிச்சலான ஏற்பாட்டோடு ஆடியும் தோற்றார். போட்டியில் முதலிடமும் லாஸ்கருக்கே.

எங்கே கெடுகிறது

"இது பாதுகாப்பான ஓப்பனிங்" என்ற நம்பிக்கைதான் பெரிய கேடு. 1970ல் பெல்கிரேடில் சோவியத் அணிக்கும் உலக அணிக்கும் நடந்த போட்டியில், முதல் பலகையில் லார்சன் வெள்ளைக் காயில் பி3 என்று தொடங்கி ஸ்பாஸ்கியிடம் 17 மூவில் தோற்றார். முதல் மூவிலேயே கறுப்பு இ5 வைத்துவிட்டது. நாலாவது மூவில் எஃப்3க்கு வந்த குதிரையை இ4 தள்ளி விரட்டியது. அந்தக் குதிரை மூன்று மூவ் செலவழித்து, ஒரே மூவ் ஆடியிருந்த கறுப்புக் குதிரையோடு மாற்றிக்கொண்டது. கறுப்பு ஒன்பதாவது மூவிலேயே கேஸ்லிங் செய்துவிட, வெள்ளை ராஜா கடைசிவரை நடுவிலேயே நின்றது. பத்தாவது மூவில் எஃப்4 வைத்து வெள்ளை தன் ராஜாவைச் சுற்றி இருந்ததையும் திறந்துவிட்டது. உலகத்தரமான ஆட்டக்காரருக்கே 17 மூவ்தான் என்றால், நடுவை விட்டுவிட்டு நேரத்தையும் விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளலாம்.

நம் அளவில் அடிக்கடி நடப்பது ஜி2 பிஷப்பை இழப்பது. ஜி சிப்பாய் ஜி3க்கு நகர்ந்துவிட்டதால் எச்3ஐ இனி எந்தச் சிப்பாயும் காக்காது, இ சிப்பாயும் நகர்ந்துவிட்டால் எஃப்3ஐயும் காக்காது. அந்த பிஷப்தான் காவல். கறுப்பு ராணியை டி7ல் வைத்து பிஷப்பை எச்3க்குக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளப் பார்க்கும். ராணி டி7க்குப் போவதைப் பார்த்தவுடனே யானையை எஃப்1லிருந்து இ1க்கு நகர்த்துங்கள். கறுப்பு பிஷப் எச்3க்கு வந்தால் நம் பிஷப் எச்1 மூலைக்குப் பின்வாங்கலாம். யானை எஃப்1லேயே இருந்தால் பின்வாங்கும்போது யானை வெட்டுப்படும்.

பழகும் முறை

இ4, டி4 என்று நடுவில் நேராக நின்று ஆடி, ஒரு நடுச் சிப்பாயைக் காப்பது எவ்வளவு பாடு என்று ஒருமுறையாவது அனுபவிக்காத பிள்ளைக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். எதிராளியின் சிரமம் தெரியாமல் அவனைச் சிரமப்படுத்த முடியாது.

அது ஆனபின், வெட்டினால், தள்ளினால், இ6ல் நின்றால், சி6ல் நின்றால் என்ற நாலு கிளையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எட்டாவது மூவ் வரை வீட்டுப் பலகையில் கையால் ஆடிப் பாருங்கள். திரையில் மட்டும் பார்த்தால் குதிரை பிஷப்பை மறைப்பது போன்ற விஷயம் கண்ணில் படுவதில்லை. பிறகு லிச்செஸ் போன்ற இலவசத் தளத்தில் 15 நிமிடமும் மூவுக்கு 10 விநாடியும் வைத்து ஆடுங்கள். மூன்று நிமிட ஆட்டம் இதற்கு உதவாது. யோசிக்க நேரம் இல்லாதபோது கை தானாக அந்த எட்டு மூவுக்கே போகும்.

எஞ்சின் (ஆட்டத்தை மதிப்பிடும் கணினி நிரல்) வைத்துச் சரிபார்க்கும்போது ஓப்பனிங் முடிவில் வெள்ளைக்குச் சிறிய சாதகமோ சமநிலையோதான் காட்டும். அதைப் பார்த்து "இதில் ஒன்றும் கிடைக்காது" என்று மாற்றிக்கொண்டே போனால் எதுவும் கைகூடாது. எஞ்சினிடம் எண்ணைக் கேட்பதைவிட ஸ்கோர் ஷீட்டில் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: என்னுடைய டி4 அல்லது இ4 எத்தனையாவது மூவில் வந்தது? அந்த மூவுக்கு ஒரு வட்டம் போடுங்கள். பத்து ஆட்டத்து ஷீட்டை வரிசையாக வைத்தால், வட்டம் இல்லாத ஷீட்டுகளிலும் பதினைந்தாவது மூவுக்கு மேல் வட்டம் விழுந்த ஷீட்டுகளிலும் முடிவு என்ன ஆயிற்று என்று பாருங்கள். அடுத்து எந்தக் கிளையைத் திரும்ப உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.